பூங்கோதையின் பட்டுப்புடவைகள்

தில்லி துவாரகாவில் வாடகை ஃபிளாட்டுக்குக் குடிவந்ததுமே சுபாஷிணி வீட்டுச் சாமான்களுக்கெல்லாம் இன்சூரன்ஸ் எடுத்துவிட்டாள். அந்தப் பெருமை தாங்காமல்தான், மே மாத லீவுக்கு ஊருக்குக் கிளம்பிய எதிர்வீட்டுப் பூங்கோதையிடம், "உங்க பட்டுப்புடவையெல்லாம் எங்க வீட்ல வச்சிட்டுப் போங்கக்கா. போனாலும் கம்பெனிக்காரன் குடுப்பான்" என்று வலியப்போய்க் கேட்டு வாங்கி வைத்தாள்.

பத்தாம் நாள் அவள் ஐ.என்.ஏ. மார்க்கெட் போய்த் திரும்புவதற்குள் திருடர்கள் வீட்டைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். விசாரிக்க வந்த இன்சூரன்ஸ் சர்வேயர் டிவியைக் குறித்துக்கொண்டார், புடவைகளை விட்டுவிட்டார். "அடுத்தவங்க பொருள் பாலிசியில வராது, மேடம்" என்றார் ஹிந்தியில்.

அவர் போனதும் கணவன் ராஜகோபாலன் கடிந்துகொண்டான். "உன்னுதுன்னே சொல்லித் தொலைச்சிருக்கலாமே, அரிச்சந்திரி!"

"பண்ணின பாவம் பத்தாதா, பொய் வேறயா?"

அன்று சாயங்காலமே ஊரிலிருந்து பூங்கோதையின் போன். "என்னம்மா, தில்லியில வெயில் எப்படி? பொண்ணு கல்யாணத்துக்கு எடுத்ததெல்லாம் உங்கிட்ட இருக்கிறதாலதான் நிம்மதியா இருக்கேன்."



"அக்கா, உங்க வீட்டுப் பூட்டை யாரும் தொடலை. என் வீட்டைத்தான் உடைச்சாங்க. நான் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா, உங்க புடவை உங்க பீரோவிலயே இருந்திருக்கும்."