ஆமை வைத்த வாஷர்

எதிர்ப் பட்டறைக்காரனின் மனைவி தெருவைத் தாண்டித் தன் வாசலில் வந்து நிற்பாள் என்று மின்னல் கனவிலும் நினைக்கவில்லை. பதினோரு வருஷமாக இரண்டு பட்டறைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. அந்த எதிர்ப் பட்டறைக்காரன் முந்தின நாள்தான் இறந்துபோயிருந்தான்.

மின்னல் என்பது தெரு வைத்த பெயர். எந்த வண்டியானாலும் ஒரு மணி நேரத்தில் முடித்துத் தள்ளிவிடுவார். எதிராளிக்குப் பெயர் ஆமை. ஒரு கார்புரேட்டரைக் கழற்றினால் அவனுக்கு அன்றைய பொழுது போச்சு. அந்தப் பெயரை வைத்ததே மின்னல்தான். அதோடு விட்டாரா? வாய் சும்மா இருந்தால்தானே! “அங்க வண்டிய விட்டா முட்டை போட்டு, குஞ்சு பொரிச்சுத்தான் திரும்பி வரும்” என்று வருகிறவன் போகிறவனிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். அது ஆமையின் காதுக்குப் போனது. அன்றோடு சரி.

அவளுக்குப் பின்னால் டிரைவர் சவ வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். பெட்டி வைக்க மேடை கட்டிய மூன்று சக்கர வண்டி.

“அண்ணே, மூணு மணிக்கு எடுக்கணும். இது வெட்டி வெட்டிப் போகுது. அவரு இருந்தா அவரே பாத்திருப்பாரு.” அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். “நாலு மாசமா ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவுல போகவர, ஒவ்வொரு குலுக்கலுக்கும் பல்லக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தாருண்ணே. கடைசியா ஒரு தடவையாவது குலுங்காமப் போகட்டும்.”

“நீ வீட்டுக்குப் போம்மா. நானாச்சு” என்றார் மின்னல்.

அவள் போனதும் டிரைவர் பக்கம் திரும்பினார். “என்னய்யா பண்ணி வெச்ச?”

“அவருதாங்க எப்பவும் பாப்பாரு. அவரு படுத்த பெறகு லேசாப் புகையற மாதிரி இருந்துச்சு. நானே ஒரு ஸ்க்ரூவத் திருகினேன்.”

“உன் கையில எவன்யா ஸ்க்ரூடிரைவரக் குடுத்தது?”

கார்புரேட்டரைக் கழற்றினார். உள்ளே பெட்ரோலை அளந்துவிடும் ஊசி. அதன் தலைப்பக்கம் ஐந்து பள்ளங்கள் உண்டு; எந்தப் பள்ளத்தில் க்ளிப்பை மாட்டுகிறோமோ, அதற்கேற்ப ஊசி ஏறும், இறங்கும். ஏறினால் பெட்ரோல் கூடும், இறங்கினால் குறையும். க்ளிப் மூன்றாம் பள்ளத்தில் இருந்தது. அதற்கடியில் காகிதக் கனத்தில் ஒரு பித்தளை வாஷர்.

“வாஷர வெச்சு ஒப்பேத்தியிருக்கான் பாரு” என்று நகத்தால் அதைச் சுண்டிவிட்டார்.

எல்லாவற்றையும் கழுவி மாட்டி, டிரைவர் திருகிய ஸ்க்ரூவைச் சரிசெய்தார். வண்டி நின்ற இடத்தில் பூனைபோல் முனகியது. கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது நிமிஷம். மின்னலா கொக்கா!

தெருமுனை தாண்டியதும் அந்தப் பெருமை போய்விட்டது. கிளம்பும்போது ஒரு குறையும் இல்லை. ஒரே சீராக ஓடவேண்டிய வேகத்துக்கு வந்ததும் விக்கல் எடுத்தது. ஆக்ஸிலேட்டர் பிடியை முறுக்கினால் ஒரு கணம் திகைத்து, அப்புறம் முதுகில் குத்துவதுபோல் பாய்ந்தது. பெட்ரோல் போதவில்லை. திரும்பி வந்து க்ளிப்பை நாலாம் பள்ளத்துக்கு மாற்றினார். இப்போது கரும்புகை, வண்டி மூச்சுமுட்டிக்கொண்டு நகர்ந்தது. மறுபடி மூன்று. விக்கல். மறுபடி நாலு. புகை. மணி ஒன்றரை. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“மூணு போதல, நாலு ஜாஸ்தி. நடுவுல ஒரு பள்ளம் இருந்தாத் தேவல” என்று வாய்விட்டுச் சொன்னவர், அப்படியே நின்றுவிட்டார்.

“அடப்பாவி! அந்த வாஷர்!”

ஆமை ஒப்பேற்றவில்லை. வாஷரின் கனத்துக்கு ஊசி சற்றே ஏறும்; மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில், கம்பெனிக்காரன் போடாத பள்ளத்தை அவன் போட்டிருக்கிறான்.

பட்டறையையே புரட்டிப் போட்டார்கள். காந்தத்தைத் தரையெல்லாம் இழுத்தார். பித்தளை காந்தத்தில் ஒட்டாது என்பது பத்து நிமிஷம் கழித்துத்தான் உறைத்தது. தெருவே பேர்வைத்த மனுஷர், வயிறு தரையில் பட ஊர்ந்து பெஞ்சுக்கடியில் தேடினார்.

“அண்ணே, உங்க செருப்பு” என்றான் டிரைவர்.

கிரீஸோடு சேர்ந்து அடியில் ஒட்டிக்கொண்டு இருந்தது.

துடைத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு பக்கம் எமரித்தாளில் தேய்த்த கீறல்கள். கடைச் சரக்கு இல்லை. கொஞ்சம் தேய்த்து, மாட்டி, ஓட்டிப் பார்த்து, மறுபடி கழற்றித் தேய்த்த வாஷர். எத்தனை தடவை கழற்றினானோ! அதுவும் எதற்கு? ஒரு சவ வண்டிக்கு. அதில் போகிற எவன் எழுந்து வந்து சபாஷ் சொல்லப்போகிறான்?

“மன்னன்யா அவன்” என்றார் மின்னல். பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

மூன்றாம் பள்ளம், அடியில் வாஷர். விக்கல் இல்லை, புகை இல்லை. பிடியை முறுக்க முறுக்க, கேட்டதைக் கேட்டபடி கொடுத்தது வண்டி.

மூன்று மணிக்கு டிரைவரை இறக்கிவிட்டுத் தானே ஓட்டினார். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, வழி நெடுகப் பின்னாலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டு வந்தாள். பெட்டிமேல் வைத்த மாலை அசையவில்லை.

“ஒரு குலுக்கல் இல்லண்ணே. உங்க கைக்குப் புண்ணியமாப் போகட்டும்.”

சும்மா தலையாட்டியிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது?

“என் கை இல்லம்மா. அவன் கை. அவன் செஞ்சு வெச்சிருந்தத நான் தெரியாமத் தூக்கி எறிஞ்சேன். தேடி எடுத்துத் திரும்ப வெச்சேன், அவ்வளவுதான். இந்த வேல எனக்கு வராது.”

அவள் பெட்டியிலிருந்து பார்வையை எடுத்து அவர் பக்கம் திரும்பினாள்.

“உங்க பட்டறையில இருந்து வண்டி வெளிய வந்தா, அவரு கையில இருக்கறத வெச்சுட்டுக் காது குடுப்பாருண்ணே. ‘ஒரு மணி நேரத்துல எப்படித்தான் இப்படிச் செய்யறானோ, எனக்கு வராது’ம்பாரு.”

மின்னலுக்குக் கண் மறைத்தது. அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கவில்லை, வழிய விட்டார். துடைக்கவேண்டுமானால் பிடியிலிருந்து கையை எடுக்கவேண்டும். எடுக்கவில்லை. அவனை இறக்கும் இடம் வரும்வரை, முறுக்கிய பிடி முறுக்கிய இடத்திலேயே இருந்தது.