மூடாமல் விட்ட கால்வாய்

நொறுங்கிய காலைவிட, ஆலை மேனேஜர் சொன்ன சொல்தான் குணசுந்தரிக்கு எரிந்தது.

"நீ எங்க கம்பெனி ஆளே இல்லையேம்மா. மழைத் தண்ணில விழுந்ததுக்கு நாங்க எப்படிப் பொறுப்பு?"

ஆரம்பாக்கத்திலிருந்து ரயிலேறி, கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் மருந்துப் பெட்டி அடுக்கும் வேலைக்கு ஆறு வருஷமாகப் போய்வந்தவள் அவள். வழியில் ஓர் இரும்பு உருக்காலை. பைப் பதிக்க அவர்கள் ரோட்டோரக் கால்வாயின் சிமென்ட் மூடியைப் பெயர்த்துப் போட்டார்கள். வேலை முடிந்து பத்து நாளாகியும் மூடவில்லை. ஐப்பசி மழையில் ஒருநாள் காலை, ரோடு எது, கால்வாய் எது என்றே தெரியாத வெள்ளம். வைத்த கால் உள்ளே போனது. மூன்று ஆபரேஷனுக்குப் பிறகும் கணுக்கால் மடங்கவில்லை. நாள் முழுக்க நின்று செய்கிற வேலை அது; போய்விட்டது.

திருவள்ளூரில் வக்கீல் நர்மதாவிடம் மேனேஜர் சொன்னதை அப்படியே சொல்லி, "நெசமாவே கேக்க முடியாதா மேடம்?" என்றாள்.

"ஏன் முடியாது? தோண்டிப் போட்டா அந்தப் பக்கம் நடக்கறவங்க விழுவாங்கன்னு அவங்களுக்குத் தெரியாதா? விழாம பாத்துக்க வேண்டியது அவங்க கடமை. அதுக்கு நீங்க அவங்க ஆளா இருக்கணும்னு இல்ல. ஆனா அவங்க அலட்சியமா இருந்தாங்க, அதனாலதான் கால் போச்சுன்னு நாம காட்டணும். சாட்சி இருக்கா?"

அன்று அவளைத் தூக்கிவிட்டவர் அந்த ஆலையின் வாட்ச்மேன் துலுக்காணம். தேடிப் போனாள்.

"ரெண்டு தபா சொன்னேம்மா, ஒரு கயிறாவது கட்டுங்கன்னு. சூப்பர்வைசரு சிரிச்சிக்கினு பூட்டாரு."

"அத கோர்ட்ல சொல்வியாண்ணா?"

ஆலைப் பக்கம் ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, "சொல்றேம்மா" என்றார்.

வழக்கு விசாரணைக்கு வந்தது. கூண்டில் ஏறிய குணசுந்தரியிடம் ஆலையின் வக்கீல் கேட்டார்: "செல்போன் பார்த்துக்கொண்டுதானே நடந்தீர்கள்?"

"கொட்ற மழையில எவ சார் போன் பாப்பா? ஒரு கையில கொடை, ஒரு கையில சோத்து டப்பா. தண்ணிக்கு அடியில பள்ளம் கீதுன்னு எனக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். தெரிஞ்சிக்கினுதான வுட்டீங்க!"

கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும்படி நீதிபதி அவளை அடக்கினார். அடுத்து ஏறிய துலுக்காணம், கயிறு கேட்ட இரண்டு நாட்களையும் தேதியோடு சொன்னார்.

தீர்ப்புக்கு இரண்டு வருஷம் ஆனது. அவ்வழியே நடக்கும் எவருக்கும் ஆபத்து நேராமல் பார்த்துக்கொள்வது ஆலையின் கடமை, அதில் தவறியது அலட்சியம், நஷ்டஈடு தர வேண்டும் என்றார் நீதிபதி. மேனேஜர் அவள் முகத்தைப் பார்க்காமலே காரில் ஏறினார். தப்புதான் என்று ஒரு வார்த்தை வரவில்லை.

வெளியே துலுக்காணம் கசங்கிய சட்டையோடு நின்றார். சாட்சி சொன்ன மறுவாரமே வேலையை விட்டு நிறுத்திவிட்டார்களாம். இத்தனை நாள் அவளிடம் மூச்சுவிடவில்லை.

குணசுந்தரி விந்தி விந்தித் திரும்பிப் போய் நர்மதாவை மறித்தாள்.

"மேடம், சாட்சி சொன்னதுக்கு அந்த அண்ணன வேலைய வுட்டு நிறுத்திட்டாங்க. இதுக்கு இன்னா கேஸ் போடணும்?"

"அது லேபர் கோர்ட்டும்மா. வேற மாதிரி."

"எந்தக் கோர்ட்டா இருந்தா இன்னா? போடுங்க. இந்த தபா நான் வந்து சாட்சி சொல்றேன்."