மணி ஓய்ந்த பிறகும் ஓடிய இயந்திரம்

வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. திங்கட்கிழமை அவன் மனைவி இபோயாவை அனுப்பிவிடுகிறார்களாம், அடுத்த நோயாளிக்குப் படுக்கை வேண்டுமாம். "வீட்டு வாசல்ல சக்கர நாற்காலி ஏற வழி இருக்குல்ல?" என்று நர்ஸ் கேட்டாள். "இருக்கு" என்று திவாதார் பொய் சொன்னான். இல்லையென்று சொன்னால் இபோயாவை நேராகக் காப்பகத்துக்கு ஏற்றிவிடுவார்கள். அங்கே போனவர்கள் லேசில் வீடு திரும்புவதில்லை.

வாசலில் இருந்தது மூன்று படி. பலகையைச் சாய்த்துப் போட்டு, தள்ளுவண்டியில் செங்கல் ஏற்றித் தள்ளிப் பார்த்தான். பலகை நடுவில் பிளந்தது. கான்கிரீட்டில் சாய்தளம் போட்டாக வேண்டும்.

திவாதார் பெஸ்ட் நகரத்தில் பூச்சு வேலை பார்ப்பவன். இருட்டில் ரயிலேறி இருட்டில் இறங்குகிறவன். அந்தத் தெருவே அப்படித்தான். பகலில் நாய்களும் வயதான பெண்களும் மட்டும் இருப்பார்கள். சாயங்காலம் கார்கள் வந்து நிற்கும், ஜன்னல் ஷட்டர்கள் கடகடவென்று இறங்கும், அதோடு தெரு செத்துவிடும். அமைதியான இடம் என்று சொல்லித்தான் அவனுக்கு மனையை விற்றார்கள்.

மேஸ்திரியிடம் லீவு கேட்டான். "சனி வேணுமா, திங்கள் வேணுமா? ஒண்ணச் சொல்லு." திங்கள் என்றான். சனிக்கிழமை வேலை முடிந்து வந்து, இருட்டுவதற்குள் பலகை அடைத்து, உள்ளே உடைந்த செங்கலைக் கொட்டி நிரப்பினான். கலவை போடுவது ஞாயிற்றுக்கிழமைக்குத் தள்ளிப்போனது.

ஞாயிற்றுக்கிழமை அந்த ஊரில் இயந்திரம் ஓடக்கூடாது. புல்வெட்டி, ரம்பம், கலவை இயந்திரம் எதுவும் கூடாது, நகராட்சிச் சட்டம். உழைக்கிறவனுக்கு ஒரு நாள் நிம்மதி வேண்டும் என்று போட்ட சட்டம்தான். ஆனால் அந்த ஒரு நாள்தான் உழைக்கிறவனுக்குத் தன் வீட்டு வேலை பார்க்கக் கிடைக்கிறது என்பது சட்டம் போட்டவர்களுக்குத் தோன்றவில்லை. அன்றைக்குச் சத்தம் போடலாம் என்றிருப்பவை இரண்டுதான். வறுப்பதற்கு இறைச்சியைச் சுத்தியலால் தட்டுகிற சத்தம் ஒன்று, மாதா கோயில் மணி இன்னொன்று.

திவாதார் உச்சிவேளை மணிக்காகக் காத்திருந்தான். மணி அடிக்கத் தொடங்கியதும் கடன் வாங்கி வந்திருந்த கலவை இயந்திரத்தை ஓட்டினான். முதல் வண்டிக் கலவையைக் கொட்டுவதற்குள் மணி ஓய்ந்துவிட்டது. அவன் நிறுத்தவில்லை. தோள்பட்டை வலியைப் பல்லைக் கடித்துப் பொறுத்துக்கொண்டு பாதிச் சரிவை நிரப்பியபோது இயந்திரம் பொசுக்கென்று நின்றது.

திரும்பிப் பார்த்தான். பக்கத்து வீட்டுக்காரன் பனியனும் வீட்டுச் செருப்புமாக நின்றான். பிடுங்கிய பிளக் அவன் கையில் இருந்தது.

"பக்கத்து வீட்டாரே, ஒமக்கு அறிவிருக்கா?"

அங்கே எல்லோரும் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். பேர் யாருக்கும் தேவைப்பட்டதில்லை.

"ராத்திரி பூரா பஸ் ஓட்டிட்டு வந்து இப்பத்தான் கண்ண மூடுனேன். இன்னிக்கு ராத்திரியும் வண்டி. தூக்கக் கலக்கத்துல ஏத்தின சனத்தோட தன்யூப் ஆத்துல எறக்கிரட்டுமா?"

"அதச் சொருகும்யா. பாதி போட்டாச்சு. இப்ப நிப்பாட்டினா ஒட்டாது, விரிசல் விட்டுரும்."

"விடட்டும். எதுக்கு இது, கார் ஏத்தவா? ஒமக்குத்தான் காரே கெடயாதே."

"பொஞ்சாதிக்கு. நாளைக்கு வாரா. எடது கால முழங்காலோட எடுத்துட்டாங்க. சர்க்கரை."

பக்கத்து வீட்டுக்காரன் பிளக்கைப் பார்த்தான். "எப்ப?"

"மே மாசம்."

"நான் ரெண்டு பேரும் பிரிஞ்சுட்டீங்கன்னுல்ல நெனச்சேன்."

"எத வச்சு?"

"விடியக்காலம் அந்தக் குதிகால் செருப்புச் சத்தம் நின்னுபோச்சே. டக்கு டக்குன்னு ஸ்டேஷனுக்குப் போவாங்கள்ல. எனக்கு விடிகாலை முறை வர்ற வாரம் அதக் கேட்டுத்தான் எந்திரிப்பேன். அலாரம் அடிச்சா எனக்கு ஒறைக்காது. அது நின்னதுலருந்து டெப்போவுல திட்டு வாங்கியே சாவுறேன்."

"ஒரு வார்த்த வந்து கேட்டிருக்கலாம்ல?"

"என்னன்னு கேக்க? ஒம்ம பொஞ்சாதி எங்கய்யா போனான்னா? மண்வெட்டிய எடுத்துட்டு வந்திருக்க மாட்டீரு?"

வந்திருப்பான். அது திவாதாருக்கே தெரியும்.

எதிர்வீட்டு ஜன்னலில் ஒரு அம்மாள் தலை நீட்டினாள். "நகராட்சிக்குப் போன் போடட்டுமா?"

"போடும்மா!" என்று பக்கத்து வீட்டுக்காரன் கத்தினான். "அவனுகளுக்கும் இன்னிக்கு லீவுதான்!"

ஒயரைச் சுருட்டி வைத்துவிட்டுச் சுவரோரம் கிடந்த மண்வெட்டியை எடுத்தான். "மண்வெட்டிக்குச் சட்டம் கெடயாது. தகரம் இருக்கா, கையால கெளற?"

"நீரு போய்ப் படும்."

"ஒத்தையில நீரு கெளறுனா பொழுது சாயற வரைக்கும் கரக்கு கரக்குன்னு எங்காதுல விழும். ரெண்டு பேரு செஞ்சா வெரசா முடியும். பாவம் பாத்து வந்தேன்னு மட்டும் நெனச்சிராதேயும்."

அவனுக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை. தண்ணீரை அளவில்லாமல் ஊற்றினான். "கஞ்சியா காய்ச்சப் போறீரு?" என்று திவாதார் வைதான். "ஒமக்குக் கூலியில்லாம ஆளும் வேணும், வாயும் வேணும்" என்றான் அவன். அப்புறம் இருவரும் பேசவில்லை. பேச மூச்சு இல்லை. கலவை இறுகுவதற்குள் கடைசி வண்டியும் விழுந்தது. திவாதார் மட்டம் இழுத்து முடித்தான்.

"ஒரு மடக்கு பாலிங்கா போடுறீரா? வீட்டுல காய்ச்சுன சாராயம்."

"வண்டி எடுக்கணும்யா. அடுத்த வாரம் எனக்கு விடிகாலை. அப்பவும் முடியாது."

சொல்லிக்கொண்டே நடந்தவன், தூக்கக் கலக்கத்தில் ஓரத்தில் ஒரு காலை வைத்துவிட்டான். செருப்புத் தடம் அப்படியே பதிந்தது. "போச்சு" என்றான். "இருக்கட்டும், பூசிக்கிறேன்" என்றான் திவாதார். ஆனால் கை மேலே எழும்பவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டியை வெங்காயத்தோடு தின்றான். மெல்லும்போதே தூங்கிவிட்டான்.

திங்கட்கிழமை கான்கிரீட்டின் மேல் பலகை பரப்பி, ஆம்புலன்ஸ் ஆட்கள் இபோயாவைத் தள்ளி ஏற்றினார்கள்.

"இம்புட்டுச் செங்குத்தா எனக்குக் கட்டுனியா, ஆட்டுக்குக் கட்டுனியா?" என்றாள்.

"ஏறிட்டல்ல?"

"ஏறிட்டேன்" என்றாள். வீட்டுக்குள் வந்ததும் கொஞ்ச நேரம் அழுதாள். அப்புறம் அடுப்படி கிடந்த கோலத்தைப் பார்த்து அவனைத் திட்டத் தொடங்கினாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகையை எடுத்தபோது அவள் அந்தத் தடத்தைப் பார்த்தாள். "இது ஒங்காலு இல்லியே."

நடந்ததைச் சொன்னான். செருப்புச் சத்தத்தையும் சொன்னான்.

"அந்தாளு பேரு என்ன?"

திவாதார் வாயைத் திறந்தான், மூடினான். வேலி ஒன்றுதான், குடிவந்து எத்தனையோ வருஷம்.

பாலிங்கா பாட்டிலைப் பையில் போட்டுக்கொண்டு பக்கத்து வீட்டுக்குப் போனான். ஷட்டர் இறங்கியிருந்தது. அந்தத் தெருவில் இறங்கிய ஷட்டருக்கு யாரும் மணி அடிப்பதில்லை. அதுதான் அங்கே ஒருவருக்கொருவர் காட்டுகிற மரியாதை. பையைக் கேட்டில் மாட்டிவிட்டுத் திரும்பினான்.

"கேட்டியா?"

"தூங்குறாரு."

மறுநாள் விடியும் முன்பே இபோயா விழித்துக்கிடந்தாள். பெஸ்டில் ஒரு கேன்டீன் வேலைக்காக எழுந்து பழகிய உடம்புக்குக் கால் போனது தெரியவில்லை. திவாதார் இருட்டில் கால்சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"அந்தாளு வண்டி இன்னும் கெளம்பல" என்றாள்.

"எந்திரிப்பாரு."

"இந்த வாரம் விடிகாலைன்னு நீதான சொன்ன?"

கட்டிலுக்கடியில் கைவிட்டுத் துழாவி ஒரு செருப்பை எடுத்தாள். இடது கால் செருப்பு. குதிகால் தேயாமல் நன்றாகத்தான் இருந்தது. அவள் வருமுன் அதைக் குப்பையில் போடுவதா வைப்பதா என்று தெரியாமல் திவாதார் உள்ளே தள்ளி வைத்திருந்தான்.

ஜன்னலைத் திறந்து, செருப்பின் குதியால் விளிம்புக் கல்லில் தட்டினாள். டக்கு, டக்கு, டக்கு. ஸ்டேஷனுக்கு நடக்கிற அதே வேகம்.

எங்கோ ஒரு நாய் குரைத்தது. பக்கத்து வீட்டு ஷட்டர் ஒரு சாண் உயர்ந்தது. உள்ளே விளக்கு எரிந்தது.

"போதும்" என்று அவளே சொல்லிக்கொண்டு ஜன்னலைச் சாத்தினாள். செருப்பைக் கட்டிலுக்கடியில் தள்ளாமல் தலைமாட்டில் வைத்துக்கொண்டாள்.

திவாதார் ரொட்டிப் பையை எடுத்துக்கொண்டு சாய்தளத்தில் இறங்கினான். ரயிலுக்கு நேரமாகியிருந்தது.