வேலிக்கு மரம் இல்லை

நெப்ராஸ்கா ஓர் அமெரிக்க மாநிலமாகிச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. அதன் மேற்கே, மரமே இல்லாத புல்வெளியில், தோர்வால் லியன் மண்ணைப் புல்லோடு பாளம் பாளமாக வெட்டி அடுக்கி வீடு கட்டியிருந்தான். போன அறுவடைக்குச் சற்று முன்பு, மேய்ச்சல்காரர்களின் மாடுகள் வந்து அவனுடைய மக்காச்சோளத்தை ஒரே பகலில் தின்றுவிட்டுப் போயின. கேட்க வழியில்லை. பயிர் வைத்தவன்தான் வேலி போட வேண்டும் என்பது சட்டம்.

அக்கம்பக்கத்தார் கூடி அவனைத் தங்கள் உறுப்பினராகத் தேர்ந்தெடுத்துச் சட்டமன்றத்துக்கு அனுப்பினார்கள். அவர்களில் அவனிடம்தான் கறுப்புக் கோட்டு இருந்தது.

"கோட்டு பேசிக்கும். நீ சும்மா கூடப் போயிட்டு வா," என்றாள் மனைவி கிர்ஸ்டி. பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "இந்த வருஷமும் மாடு மேஞ்சா நாம இங்க இருக்க முடியாது, தோர்வால்."

லிங்கன் நகரத்து மன்றத்தில் அவன் பேசவேயில்லை. குரல்கள் எழுந்து அடங்குவது, காற்றில் புல் சாய்ந்து நிமிர்வது போலிருந்தது. பாதி விழிப்பில் கேட்டுக்கொண்டிருந்தான். சில மதியங்களில் மேசைகளுக்கு நடுவே புல் அசைந்தது.

மாட்டுக்காரனே மாட்டைக் காக்க வேண்டும் என்ற மசோதா வாக்கெடுப்புக்கு வந்த அன்று மழை பிடித்தது. கூரையில் முதல் சத்தம் கேட்டதும் தோர்வால் குடையை விரித்து, மேசையிலிருந்த தாள்களுக்கு மேலே பிடித்தான். கை தானாகச் செய்தது.

யாரோ சிரித்தார்கள். பிறகு மன்றமே சிரித்தது.

"லியனுக்கு மட்டும் தனியா ஒரு மேகம் வந்திருக்கு போல," என்றார் கேப்டன் புரூயிட். பெரிய மந்தைகளுக்குச் சொந்தக்காரர்.

தோர்வால் நிமிர்ந்து பார்த்தான். வெள்ளைக் கூரை. ஒரு சொட்டு ஈரமில்லை. குடையை மடக்கத் தோன்றவில்லை.

"பழக்கதோஷம், கேப்டன். எங்க வீட்டுல கூரையும் மண்ணுதான்; மழை வெளிய நின்னப்புறமும் உள்ள ரெண்டு நாள் பெய்யும். என் சம்சாரம் ஒரு கையில குடையப் பிடிச்சுக்கிட்டுத்தான் ரொட்டி சுடுவா."

"நல்ல வீடாக் கட்ட வேண்டியதுதானே?"

"எதை வெச்சு? நாள் பூரா வண்டி ஓட்டினாலும் ஒரு மரம் கண்ணுல படாது." குடையால் மேலே காட்டினான். "கூரைக்கே பலகை இல்லாதவனப் போயி நூத்தறுபது ஏக்கருக்கு வேலி போடுங்கிறீங்க."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையில் ஒருவர், "எங்க வீட்டுலயும் குடைதான்," என்றார் மெதுவாக.

பெயர்கள் வாசிக்கப்பட்டன. மசோதா இரண்டு வாக்கு வித்தியாசத்தில் நிறைவேறியது.

"நீ பேசாமலே இருந்திருக்கலாம், லியன்," என்றார் புரூயிட், வெளியே போகும்போது.

"நீங்க கேக்குற வரைக்கும் அப்படித்தான் இருந்தேன், கேப்டன்."

கோடையில் சோளம் ஆளுயரம் வளர்ந்தது. ஒரு மாலை, தொலைவில் தூசிக்குள் மிதந்தபடி மந்தை வந்தது. கிர்ஸ்டி வாளியைக் கீழே வைத்தாள். இருவரும் வயலின் ஓரத்தில் போய் நின்றார்கள். முதல் மாடுகள் சோளத்தை மோப்பம் பிடிக்கும் தூரத்துக்கு வந்துவிட்டன. மந்தையை ஓட்டி வந்த குதிரைக்காரன் ஒருவன் முன்னால் வந்து, சீட்டியடித்து, அவற்றை மெல்லத் திருப்பினான்.

மந்தை முழுவதும் கடந்துபோக வெகுநேரமாயிற்று. கிர்ஸ்டி அவன் கோட்டுக்கையைப் பிடித்தபடி, கடைசி மாடு போகும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.