டேப்புக்கு ஒரு சாண் முன்னால்

"ஒண்ணா, ரெண்டா?" என்று போனில் கேட்டார்.

"ரெண்டு. ஒண்ணுல இங்க தட்டு ஸ்டாண்டுல ஒரு மூடி ஆடுச்சு. இப்பவும் ஆடுது, ஆனா கொஞ்சம் கம்மி."

"அப்ப இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாக்கறேன். நீ அப்படியே இரு."

என் கணவர் என்னிடம் கடைசியாகப் பேசியது இதுதான். அவர் மாடியில், எங்கள் ஹாலில் இருந்தார். நான் கீழ்வீட்டு அக்காவின் சமையலறையில் டீ டம்ளரோடு நின்றிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும்.

அவர் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிப்பவர். இருபத்திரண்டு வருடமாக, நாற்காலியில் உட்கார்ந்தவர்களின் கண்முன்னே கண்ணாடிச் சில்லுகளை மாற்றிப் போட்டு, ஒண்ணு தெளிவா ரெண்டு தெளிவா என்று கேட்டே பழகிவிட்டார். வீட்டிலும் அதே கேள்விதான். திரைச்சீலைத் துணிக்கும் கேட்பார், டீயில் சர்க்கரைக்கும் கேட்பார். என்னைக் கட்டிக்கொள்ளும்போது மட்டும் கேட்கவில்லை, அப்போது இருந்ததே ஒண்ணுதான் என்று கொழுந்தன் கிண்டலடிப்பார்.

சப்வூஃபர் வாங்கப் போன அன்றும் அப்படித்தான். டிவியோடு சேர்ந்து அடிநாதத்தை மட்டும் உறுமுகிற அந்தப் பெட்டியில் கடைக்காரர் இரண்டு வகை காட்டினார். ஒன்று பத்து அங்குலம், நாலாபுறமும் மூடியது. இன்னொன்று பன்னிரண்டு அங்குலம், பின்னால் காற்றுப் போக ஓட்டை வைத்தது. நானும் கொழுந்தனும் சின்னதே போதும், சுருக்கென்று அடித்து நிற்கிறது என்றோம். இவர் கண்ணை மூடிக்கொண்டு ஆறு முறை மாற்றி மாற்றிக் கேட்டுவிட்டு, பெரியதைக் காட்டினார். கடையின் அறை நீளமானது, கல்யாண மண்டபம் மாதிரி. அதில் அது யானை நடக்கிற மாதிரி நிதானமாக இருந்தது உண்மை.

எங்கள் ஹாலில் அந்த யானைக்கு மதம் பிடித்துவிட்டது. செய்தி வாசிக்கிறவர் தொண்டையைக் கனைத்தால்கூட மூலையிலிருந்து 'தும்' என்று ஒன்று கிளம்பும். அடங்காது, அறைக்குள்ளேயே சுற்றும். கம்பளம் விரித்துப் பார்த்தார். கனமான திரை போட்டுப் பார்த்தார். தும் தும்மாகவே இருந்தது. பிறகு எங்கெங்கோ படித்து, குற்றவாளியைக் கண்டுபிடித்துச் சொன்னார். எங்கள் ஹால் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு அடி, சரிசதுரம். நீளமும் அகலமும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே சுருதியைப் பிடித்துக்கொண்டு ஊதிப் பெருக்குமாம். எங்கள் அறைக்கு அது நாற்பத்தேழு. வினாடிக்கு நாற்பத்தேழு அதிர்வு. பெட்டியை மூலையில் வைத்தது எரிகிற தீயில் எண்ணெய்.

ஓசையை உறிஞ்சும் கண்ணாடிக்கம்பளி வாங்கி வந்து, என்னை உறை தைக்கச் சொல்லி, இரண்டு மூலைகளிலும் ஆளுயரத்துக்கு நிறுத்தினார். பாதி அடங்கியது. அதற்குள் கீழ்வீட்டு அக்கா வந்துவிட்டார். அவர் நர்ஸ், இரவு டியூட்டி. பகலில்தான் தூங்க வேண்டும். சண்டை போடவில்லை. கண்ணுக்குக் கீழே இருந்த கருவளையத்தைத் தொட்டுக் காட்டி, உங்க கடையில இதுக்குக் கண்ணாடி இருக்கா என்று இவரைக் கேட்டார். இவருக்கு முகம் செத்துவிட்டது.

சனிக்கிழமை முழுக்க அதே வேலை. பெட்டியைத் தூக்கி சோபாவில், அவர் உட்காரும் இடத்தில் வைத்தார். அதை ஓடவிட்டுவிட்டு, சுவர் ஓரமாக முட்டி போட்டுத் தவழ்ந்தார், தரையோடு காதை வைத்துக்கொண்டு. எந்த இடத்தில் ஓசை வீங்காமல் கேட்கிறதோ, அங்கே பெட்டியை வைத்தால் சோபாவிலும் அப்படியே கேட்குமாம். கொழுந்தன் வந்தவர், அண்ணனுக்குப் பல்லு முளைக்குதா என்று கேட்டார். ஜன்னல் சுவரில், நடுவுக்குச் சற்று இப்பால், அந்த இடம் கிடைத்தது. தரையில் நீலநிற டேப் ஒட்டினார். மறுநாள் பெட்டியை மூலையிலிருந்து டேப்பை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவது, லேப்டாப்பில் நாற்பத்தேழை மட்டும் விடாமல் ஓடவிடுவது, கீழே எவ்வளவு இறங்குகிறது என்று நான் சொல்வது. இதுதான் ஏற்பாடு.

அப்படியே இரு என்று சொல்லிப் போனை வைத்தார். இருந்தேன். மேலே 'ம்ம்ம்' என்று ஒரே சுருதி. மூடி ஆடிக்கொண்டிருந்தது. டீ ஆறி ஏடு படிந்தது. அக்காதான் சொன்னார்: "என்னம்மா, உன் வீட்டுக்காரர் தூங்கிட்டாரா? ஒரே ராகமா ஓடுது." ஒண்ணா ரெண்டான்னு அவரே அவரைக் கேட்டுக்கிட்டிருப்பார் என்றேன். இருவரும் சிரித்தோம். இன்னும் கொஞ்ச நேரம் கழித்துத்தான் மாடி ஏறினேன்.

பெட்டியின் மேல் ஒரு கை கிடந்தது. நான் கத்தியதைக் கேட்டு ஓடி வந்த அக்கா ஏதேதோ செய்து பார்த்தார். ஓசை நிற்கவில்லை. எதை அணைப்பதென்று எனக்குத் தெரியவில்லை. கடைசியில் அக்காவே ப்ளக்கைப் பிடுங்கினார்.

மாரடைப்பு, உடனே போயிருக்கும் என்றார்கள். அக்காவும் அதையே சொன்னார். எனக்கு வேண்டியது வேறு. அவர் விழுந்த சத்தம் எனக்குக் கேட்டிருக்க வேண்டுமா, இல்லையா? கேட்டும் நான் பெட்டியை நகர்த்துகிறார் என்று நினைத்தேனா? அதற்குப் பிறகு ஏழு வாரம் என்னால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. நான் வேலை பார்க்கும் நூலகத்தில் என் மேசையில் இருக்கும்போது தெருவில் பஸ் உறுமினால் எழுந்து நிற்பேன். தண்ணீர் மோட்டார் ஓடினால் படியிறங்கிப் போய்ப் பார்ப்பேன். பாதிப் படியில், எதற்கு வந்தேன் என்று திரும்புவேன்.

கடைசியில் கொழுந்தனைக் கூப்பிட்டேன். அவர் சரக்கு வேன் ஓட்டுகிறவர். ஒரு மணல் மூட்டை வேண்டும், உங்க அண்ணன் எடைக்கு, அறுபத்தெட்டுக் கிலோ என்றேன். எதற்கென்றும் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மூட்டையோடு வந்தார்.

நான் அக்காவின் சமையலறையில் அதே இடத்தில் நின்றேன். முதலில் பெட்டியை ஓடவிடாமல் மூட்டையைக் கீழே போடச் சொன்னேன். இடி மாதிரி கேட்டது. பிறகு லேப்டாப்பைப் போடச் சொன்னேன். ஒலி அளவுத் திருகை யாரும் தொட்டிருக்கவில்லை. மூடி ஆட ஆரம்பித்தது. இப்போது போட்டதும் கேட்டது. மங்கலாக, ஆனால் கேட்டது.

மேலே ஓடினேன். எவ்வளவு உயரத்திலிருந்து போட்டீங்க தம்பி? இடுப்புயரத்திலிருந்து என்றார். உங்க அண்ணன் நின்றுகொண்டு தள்ளியிருக்க மாட்டார், முட்டி போட்டிருப்பார், சோபா குஷன் அவர் முட்டிக்கடியில் கிடந்தது என்றேன். முட்டியுயரத்தில் போடச் சொல்லிவிட்டுக் கீழே வந்தேன். ஒன்றும் கேட்கவில்லை. போட்டாச்சா என்று போனில் கேட்டேன். போட்டாச்சு அண்ணி. இன்னொரு தடவை போடுங்க. போட்டார். மூடி மட்டும் ஆடியது. கம்பளத்தைச் சுருட்டிவிட்டுப் போடச் சொன்னேன். அவர் விழுந்து கிடந்தபோது தலை கம்பளத்துக்கு வெளியே இருந்தது நினைவு வந்தது.

கொழுந்தன் படியிறங்கி வந்து சமையலறை வாசலில் நின்றார். சட்டையெல்லாம் மணல்.

"போதும் அண்ணி. இன்னும் எத்தன தடவ எங்க அண்ணன நான் கீழ போடணும்?"

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். அக்கா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். மேலே ஓசை ஓடிக்கொண்டே இருந்தது.

"உடனே போயிருக்கும்னு நான் சொன்னேன்ல. எனக்கு அது தெரியாதும்மா. நீ தாங்கணுமேன்னு சொன்னேன்," என்றார். பிறகு, "ஆனா எனக்கும் ஒண்ணும் கேக்கல. தூக்கம் கெடுதுன்னு மேல ஏறி வந்தவ நான். எனக்கே கேக்கல," என்றார்.

அவரும் ஏழு வாரமாகத் தன்னையே அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

கொழுந்தன் மேலே போய் ஓசையை அணைத்தார். மணலைக் கூட்டி அள்ளினார். போகும்போது, பெட்டியை அந்த டேப்புக்கே தள்ளி வைத்துவிடட்டுமா, இடைஞ்சல் இல்லாமல் கேட்குமே என்றார். வேண்டாம் தம்பி, இருக்கட்டும் என்றேன்.

இப்போதும் செய்தி வாசிப்பவர் கனைத்தால் ஒரு சின்னத் தும் வரத்தான் செய்கிறது. அன்றைக்கு முட்டியுயரம்தானா என்று சில நாள் மறுபடி தோன்றும். அப்போது எழுந்து போய்ப் பெட்டியைப் பார்ப்பேன். டேப் வரைக்கும் தள்ளி முடித்திருந்தால் எழுந்து நின்று என்னைக் கூப்பிட்டிருப்பார். பெட்டிக்கும் நீல டேப்புக்கும் நடுவே இன்னும் ஒரு சாண் இருக்கிறது.