குருவம்மாள் வாசலுக்கு வந்த தீ

2004-ஆம் ஆண்டு ஆவணி மாதம், சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தம் ஊரில் குருவம்மாளின் வாசலுக்குத் தீ வந்தது. மாலையில் பட்டாசுக் கம்பெனி பஸ் திரும்பும்வரை நின்றுவிட்டுப் போனது. முழங்கால் உயரம்தான் இருந்தது. கூரை கருகவில்லை. கட்டியிருந்த ஆடு தலையைக்கூடத் தூக்கவில்லை.

அன்று சிவகாசி டவுனிலிருந்து அப்ரின் என்ற பெண் வீடு வீடாகக் கணக்கெடுக்க வந்திருந்தாள். மழை தவறுகிறதா, வெயில் கூடுகிறதா, எதற்கு அதிகம் பயம் என்று கேள்விகள். விதைப்பு, களையெடுப்பு என்று காட்டு வேலைக்குப் போன காலத்தில் மழை கேட்டு இருக்கன்குடி மாரியம்மனிடம் நேர்ந்துகொண்ட ஊர் அது. பட்டாசு வேலைக்கு மாறியதும், சீசன் முடிகிறவரை மழை வேண்டாமென்று அதே அம்மனிடம் போய் நின்றது. ஈரத்தில் வெடி காயாது, காயாவிட்டால் கூலி இல்லை. அம்மன்தான் பாவம், என்ன செய்வாள். ஆகவே எல்லா வீட்டிலும் மழை என்றே பதில் வந்தது. தீயை ஒருவரும் சொல்லவில்லை. பேர் சொன்னால் வந்துவிடும் என்று அங்கே நம்பிக்கை. அடுப்பைப் பற்றவை என்றுகூடச் சொல்லாமல் உலையை வை என்பார்கள். வெடிவிபத்துக்குச் சத்தம் என்று பேர். குருவம்மாளின் புருஷன் சுடலை அப்படியொரு சத்தத்தில் போனவர். மகள் ரோஜா இப்போது பட்டாசுக் கம்பெனியில் வெடிமருந்து அடைக்கும் அறையில் வேலை பார்த்தாள்.

"வேற எதுக்கும் பயமில்லையாக்கா?" என்றாள் அப்ரின்.

மகள் வேலைக்குப் பஸ் ஏறத் தொடங்கியதிலிருந்து தினமும் வாய்வரை வந்து திரும்பும் சொல் ஒன்று இருந்தது. அன்று குருவம்மாளால் அடக்க முடியவில்லை.

"தீதான் தாயி. எம்பிள்ளையையும் கொண்டுபோயிருமோன்னு ஈரக்கொலையே நடுங்குது."

சொல்லி வாய் மூடவில்லை, வாசலில் வந்து நின்றது. குருவம்மாள் கைகூப்பினாள். அப்ரின் செருப்பைத் தள்ளி வைத்துவிட்டு, மின்னலைப் பற்றிய அடுத்த கேள்விக்குப் போனாள்.

அன்று மத்தியானம் ரோஜாவின் கை தவறி, மருந்துத் தட்டு தரையில் உரசி விழுந்தது. பற்றியிருக்க வேண்டும். மருந்து ஆற்றுமணலாகக் கிடந்தது. பற்றுவதற்கு அங்கே தீ இல்லை, அது அம்மா வீட்டு வாசலில் நின்றுகொண்டிருந்தது. மகள் வந்து சொன்னபோதுதான் குருவம்மாளுக்குப் புரிந்தது. பேர் சொன்னால் வரும் என்று ஊர் நம்பியது சரிதான். இங்கே வந்து நின்றால் அங்கே இருக்காது என்பதைத்தான் யாரும் யோசிக்கவில்லை.

மறுநாள் பஸ் கிளம்பியதும் அவளே கூப்பிட்டாள். பார்த்துப் பார்த்துப் பக்கத்து வீடுகளும் கூப்பிட்டன. அடுத்த சீசனில் தெரு முழுக்க, பிள்ளை வேலைக்குப் போன வீட்டு வாசலிலெல்லாம் ஒன்று நின்றது. பட்டப்பகலில் அந்த வரிசையைப் பார்க்கக் கண் கொள்ளாது. தனியே விட்டால் ஊர்சுற்றப் போய்விடும் என்பதால் வீட்டுக்கு ஒருவர் பேச்சுத்துணைக்கு இருந்தார்கள். குருவம்மாள் அதன் பக்கத்திலேயே உட்கார்ந்து தீப்பெட்டி ஒட்டினாள். எதிர்வீட்டு முனியராஜ் மட்டும், கூப்பிட வீட்டில் ஆளில்லாமல், வெறும் வாசலைத் திரும்பித் திரும்பிப் பார்த்தபடி பஸ் ஏறுவான்.

2009 தை மாதம் ரோஜாவைக் காரியாபட்டியில் கட்டிக்கொடுத்தார்கள். பட்டாசு வேலை அதோடு முடிந்தது. மறுநாள் காலையில் குருவம்மாள் கூப்பிடவில்லை. ஆனாலும் பழக்கம் விடாமல் அது வந்து நின்றது.

அவள் ஒட்டிவைத்திருந்த தீப்பெட்டிக் கூடுகளை ஒதுக்கி இடம் விட்டாள்.

"ரோசா இனிமே அங்கன போகமாட்டா. எதிர்வீட்டு முனியராசு போயிருக்கான். அவன் வர்ற வரைக்கும் இங்கனயே இருங்க."

அது இருந்தது.