ஆம்ப்ரோஸின் இடப்பக்கம்

என் வீட்டுக்காரர் ஆம்ப்ரோஸுக்கு இடது கண் தெரியாது. கனடாவில் எங்கள் கோபால்ட் ஊரிலேயே அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். போன குளிர்காலத்தில் ஐஸ் ஹாக்கி ஆட்டத்தில் எதிராளியின் மட்டை பட்டுப் போன கண் அது. பார்த்தால் நல்ல கண் மாதிரியே இருக்கும். சமையலறையில் அவருக்கு இடப்பக்கம் நின்று உருளைக்கிழங்கை எறிந்து எறிந்து, ஒற்றைக் கண்ணோடு சமாளிக்க நான்தான் பழக்கினேன். பாதி அவர் காதில்தான் பட்டது.

விஷயம் வெளியே தெரிந்தால் அணியிலிருந்து கழற்றி விடுவார்கள். ஒரு தடவை சம்பளத்துக்கு ஹாக்கி ஆடியவரை, சம்பளமில்லாமல் ஆடுகிறவர்களின் அமெச்சூர் சங்கம் ஆயுசுக்கும் சேர்க்காது. அப்புறம் வெள்ளிச் சுரங்க வேலைதான். ஐஸில் கால் வைத்தாலே முகம் மலர்கிற மனுஷன், அந்த இருட்டுக்குள் ஒரு வருஷம் தாங்கமாட்டார்.

1910 பிப்ரவரியில் பக்கத்து ஊர் ஹெய்லிபரியோடு ஆட்டம். இரண்டு அணிக்கும் மூன்று மூன்று கோல். இரண்டாம் பாதியில் அவர்கள் ஆள் ஒருவன் பலகைச் சுவரில் மோதித் தோள்மூட்டு இறங்கி விழுந்தான். மாற்று ஆள் இறக்கும் வழக்கம் கிடையாது. ஏழு பேரில் ஒருவன் அடிபட்டுப் போனால், எதிரணியும் மரியாதைக்கு ஒருவரை வெளியே உட்கார வைக்கும். யாரை என்று கேப்டன் சொல்வார்.

எங்கள் கேப்டன் ஆர்வில் கொஞ்சம்கூட யோசிக்கவில்லை. "ஆம்ப்ரோஸ், நீ போய் உக்காரு."

அணியில் அதிகம் கோல் போட்டவரை! கண் விஷயம் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். பயம் வந்தால் எனக்கு முதலில் கோபம்தான் வரும். கூட்டத்தை இடித்துத் தள்ளிக்கொண்டு பலகை ஓரம் போனேன்.

"ஆர்வில்! இங்க வாய்யா! ஒத்தக் கண்ணுன்னா என்ன கெட்டுப்போச்சு? அத வச்சே இருபத்தோரு கோல் போட்டிருக்காரு. உனக்குத்தான் ரெண்டு கண்ணு இருக்கே, நீ எத்தன போட்ட?"

சொன்ன பிறகுதான் என் வாய் செய்த வேலை உறைத்தது. பெஞ்சில் ஆம்ப்ரோஸ் தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

ஆர்வில் பதறிக்கொண்டு வந்தான். "மெதுவாப் பேசும்மா, ஹெய்லிபரிக்காரன் காதுல விழுந்துடப் போகுது. எங்களுக்கெல்லாம் டிசம்பர்லயே தெரியும்."

"என்னது?"

"நம்ம டீம் வில்ஃப் எதுக்கு ஆட்டத்துல எப்பவும் உன் புருஷனுக்கு இடப்பக்கமே ஒட்டிக்கிட்டு வர்றான்? ஆசையிலயா? இப்ப ஆறு பேர்தான். வில்ஃப் பின்னால கோல் காவலுக்கு நின்னாகணும், ஆம்ப்ரோஸுக்கு இடப்பக்கம் காலி. எவனாவது மட்டைய வீசி இருக்கிற ஒரு கண்ணும் போச்சுன்னா உனக்கு யாரு பதில் சொல்றது?"

"இத ஏன்யா இத்தன நாளா சொல்லல?"

"அவனே மறைக்கிறதுக்கு அவ்ளோ பாடுபடுறான். நாங்க எதுக்கு அதக் கெடுக்கணும்?"

ஒரு வருஷமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் அப்படியே இறங்கியது. பலகையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். நடுவில் சிரிப்பும் வந்தது. பெஞ்சுக்குப் போய் ஆம்ப்ரோஸிடம் சொன்னேன்.

"எல்லாருக்குமா?" என்றார்.

"எல்லாருக்கும்."

கையுறையால் முகத்தை மூடிக்கொண்டார். "டிசம்பர்லருந்தா? அடப்பாவிங்களா!" தோள்கள் குலுங்கின. சிரிக்கிறாரா அழுகிறாரா என்று நான் கேட்கவில்லை.

பத்து நிமிஷத்தில் டாக்டர் தோளை ஏற்றிவிட, ஹெய்லிபரிக்காரன் திரும்பி வந்தான். ஆம்ப்ரோஸும் ஐஸில் இறங்கினார். குளிர்காலம் முழுக்க யாரிடமும் எதுவும் கேட்காத மனுஷன், ஆடுகளத்தின் நடுவில் நின்று வாய்விட்டுக் கூப்பிட்டார்.

"வில்ஃப், எங்கடா இருக்க? பக்கத்துல வாடா!"

"இங்கதான்டா இருக்கேன்," என்றான் வில்ஃப்.